யார் கழுகு, யார் கோழிக்குஞ்சு

இளைய மொழிபெயர்ப்பாளர்களே, இன்று உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். சாட்சிகளின் சொல்லை நீதிபதிக்கும் நீதிபதியின் சொல்லைச் சாட்சிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தே என் பணிக்காலம் கழிந்தது. இந்த ஒரு வழக்கில் மட்டும் குற்றம் செய்தவன் நான், சாட்சி நீங்கள். நான் பேசும்போது எங்கேனும் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் தயங்காமல் கையை உயர்த்துங்கள். என் இருபத்திரண்டாம் வயதில் யாராவது ஒருவர் அப்படிக் கையை உயர்த்தியிருந்தால், உங்களுக்குச் சொல்ல இப்படியொரு கதை என்னிடம் இருந்திராது.

அந்த வயதில் நான் சிரம்பான் வட்டாரத்துச் சொற்போர் மேடைகளில் தோல்வி அறியாதவன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் வெல்வேன். ஒரு மாலை எதிரணிப் பேச்சாளர் காய்ச்சலில் படுத்துவிட, அவருக்கும் சேர்த்து நானே பேசி, என்னை நானே தோற்கடித்து, இரு பக்கத்துக்கும் கைதட்டல் வாங்கி வீடு திரும்பினேன். இதில் மிகையில்லை, ஆகவே கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள்ளிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வாசலில் சோதனை. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துச் செல்லக் கூடாது; அது காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அரசாங்கம் அஞ்சியது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களைத் தடுத்து வைத்தார்கள். சிலரைக் கப்பலேற்றி, அவர்கள் கண்ணால்கூடக் கண்டிராத 'தாய்நாட்டுக்கு' அனுப்பினார்கள். அந்த நாளில்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. மம்பாவ் தொடங்கித் தம்பின் வரை தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசும் ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு நான் நாக்கு.

அவர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். வெயிலில் நின்றால் பத்தாவது நிமிடம் செம்பருத்தியாகச் சிவந்துவிடுவார். அவருக்குப் பிடித்தமான ஒரு தொடர் இருந்தது: 'ஈகிள் ஐ', கழுகுக் கண். சோதனை வாசலில் ஒரு மாதின் சும்மாட்டுக்குள் இருந்த தீப்பெட்டியைக் கண்டுபிடித்த காவற்காரிக்குக் கழுகுக் கண். சிறுவயதில் தன் சட்டைப் பையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளை வைத்தே திருட்டைக் கண்டுபிடித்த தன் தாயாருக்குக் கழுகுக் கண். அரிசியில் கிடக்கும் கல்லை ஒரே பார்வையில் பொறுக்கும் அவருடைய சமையற்காரருக்கும் அதே கண். 'கழுகுக் கண் உடையவர்' என்றால் பாராட்டு. 'கழுகுக் கண்ணோடு பார்த்துக்கொள்' என்றால் கவனமாயிரு என்ற வேண்டுகோள். இரண்டையும் அவர் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். ஆங்கிலேயரின் அந்தத் தொடரில் இறக்கை இல்லை, நகம் இல்லை, வளைந்த அலகு இல்லை. கண் ஒன்றுதான் இருக்கிறது. நாமோ பறவையைக் கூப்பிட்டால் முழுப் பறவையும் வந்து இறங்கிவிடுகிற மொழிக்காரர்கள். கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பருந்து வட்டமிட்டால் கோழிக்கூட்டை மூடுகிறோம். கழுகு என்றாலோ கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மூக்கைப் பொத்துகிறோம். இதையெல்லாம் அறியாதவனா நான்? நன்றாக அறிந்தவன். அறிந்ததனாலேயே கெட்டேன்.

தம்பின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், விடிந்தும் விடியாத வேளையில், பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பால் வாளிகள் காலருகே. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓரத்தில். அதிகாரி ஐந்து வாக்கியங்கள் பேசினார். நீங்கள் நாள்தோறும் மரத்துக்கு மரம் நடக்கிறீர்கள். உங்களுக்குக் கழுகுக் கண்கள். அந்தக் கண்களோடு பார்த்துக்கொண்டே இருங்கள். வித்தியாசமாக எதையாவது கண்டால் மண்டோரிடம் சொல்லுங்கள். சொல்பவர்களுக்கு எந்தத் தீங்கும் வராது, அது என் பொறுப்பு.

என் முறை வந்தது. யாரோ ஒரு பால் டின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதன் மேல் ஏறினேன். எதிரே இருநூறு முகங்கள். ஐயா, பெரட்டுக் களம் மறைந்தது, மேடை தெரிந்தது! என்னிடம் மேடைக்கென்று மெருகேற்றி வைத்திருந்த கழுகு ஒன்று இருந்தது. அதைப் பறக்கவிட்டேன்.

"தோட்டத்துப் பெருமக்களே! அண்ணாந்து பாருங்கள்! வானத்தின் உச்சியிலே வட்டமிடுகிறது ஒரு கழுகு! அதன் கண்ணுக்குத் தப்பிய கோழிக்குஞ்சு உண்டா? அதன் நிழல் விழுந்த இடத்தில் நின்ற குஞ்சு தாயிடம் திரும்பியதுண்டா? அரசாங்கத்தின் கண் கழுகின் கண்! அது உங்கள் சோற்றுப் பானைக்குள்ளும் பார்க்கும். உங்கள் நெஞ்சுக்குள்ளும் பார்க்கும்!"

இப்படியே போனேன். மண்டோரிடம் சொல்லுங்கள் என்பதை இடையில் எங்கோ செருகினேன். முடிவில் கையை உயர்த்தி, கழுகு பாய்வதைப் போல் இறக்கினேன். கைதட்டல் எழுந்தது. ஐந்தாவது வாக்கியம் பாக்கியிருந்தது. ஆனால் கைதட்டலுக்குப் பிறகு பேசுவது மேடை மரபன்று. விட்டுவிட்டு இறங்கினேன்.

"உங்கள் மொழி சற்று நீளம்தான்" என்றார் அதிகாரி.

"வளமான மொழி, ஐயா" என்றேன்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் வாளியைத் தூக்கிக்கொண்டே என்னை நிறுத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அஞ்சலை, பால் வெட்டில் அந்தத் தோட்டத்திலேயே முதல் கை என்று பின்னால் அறிந்தேன்.

"தம்பி, நல்லாத்தான் பேசுற. ஒன்னே ஒன்னு கேக்கவா? கழுகு கவர்மெண்டுன்னு வெளங்கிருச்சு. குஞ்சு யாரு?"

நான் புன்னகை செய்தேன். மேடையில் பதில் தெரியாதபோது செய்கிற புன்னகை அது; நீங்களும் பழகியிருப்பீர்கள்.

நான்கு நாள் கழித்து அதே தோட்டத்திலிருந்து அழைப்பு. ஓடைக்கரையை ஒட்டிய ஒரு மர நிரையில், அரிசி நிரப்பிய ரொட்டி டின் ஒன்றைக் காவற்படையினர் கண்டெடுத்திருந்தார்கள். டின்மேல் பச்சைத் தழை போட்டு மூடியிருந்தது. தழை, பால் வெட்டும் உளியால் அரியப்பட்டிருந்தது. அந்த நிரையில் பால் வெட்டுகிறவர் அஞ்சலை.

தோட்டத்து ஆபீஸ் அறையில் அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவிக்கொள்ளக்கூட விடாமல் அழைத்துவந்திருந்தார்கள். வெளியே வராந்தாவில் அவருடைய கணவரும், பள்ளிக்கூடச் சட்டை மாட்டிய இரண்டு பெண்பிள்ளைகளும். காட்டுக்குச் சோறு கொடுத்தவர் என்று முடிவானால் தடுப்புக் காவல், அதன்பின் கப்பல். மேசையில் அதற்கான தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதிகாரியின் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை.

"டின்னை மூடியது நீயா என்று கேள்."

"டின்ன மூடினது நீங்களான்னு கேக்குறாரு."

"ஆமா. நான்தான் மூடினேன்."

மொழிபெயர்த்தேன். அதிகாரி எழுதினார்.

"ஏன் என்று கேள்."

கேட்டேன். அஞ்சலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்னா கேக்குற? நீதான தம்பி பொட்டி மேல ஏறி நின்னு சொன்ன? மேல கழுகு சுத்துது, நெழலு பட்டாலே குஞ்ச தூக்கிரும்னு? டின்ன பாத்தேன். பாத்தேன்னு சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும், நீயே வச்சியான்னு கேப்பீங்க. சொல்லாட்டி, ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. எந்தப் பக்கம் ஓடினாலும் குஞ்சு போய்ச் சேர்ற எடம் ஒரே வயிறுதான். அதான் ரெண்டு கொப்ப அரிஞ்சு போட்டு மூடிட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டேன். இப்ப சொல்லு, குஞ்சு யாருன்னு அன்னைக்கே கேட்டேனா இல்லையா?"

"நீளமாகப் பேசுகிறாரே, என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

சாட்சிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'பயந்துபோய் மூடினாராம்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அது பொய்யும் அன்று. பயந்துதானே மூடினார்? யாருக்குப் பயந்தார் என்பதைச் சொல்லாவிட்டால், அதிகாரி தமக்குத் தோன்றியதை அங்கே நிரப்பிக்கொள்வார். காட்டில் இருப்பவர்களுக்குப் பயந்து அடங்கியவர் என்று எழுதுவார். தாளில் கையெழுத்துப் போடுவார். அந்த அறையில் இரு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் மறைத்தால் அது மறைந்ததுதான். என் வேலை தப்பும். என் பெயர் தப்பும். அடுத்த மாதச் சொற்போருக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் அதுவும் நினைவுக்கு வந்தது.

வராந்தாவிலிருந்து சின்னப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தன் தாயைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். தன் தாய் என்ன ஆவாள் என்பது இந்த வாயிலிருந்துதான் வரப்போகிறது என்று அந்தக் குழந்தைக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"ஐயா" என்றேன், "இனி நான் பேசப்போவது முழுவதும் இந்த அம்மாவின் சொல். இதில் வரும் 'தம்பி' என்பவன் நான்."

கோழிக்குஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அதிகாரியின் பேனா பாதி வரியில் நின்றது.

"கழுகைப் பற்றி நான் அப்படியா பேசினேன்?"

"இல்லை, ஐயா. நீங்கள் அவர்களைக் கழுகு என்றீர்கள். நான் அவர்களைக் குஞ்சு ஆக்கிவிட்டேன்."

"சொல்பவர்களுக்குத் தீங்கு வராது என்றேனே?"

"அதை விட்டுவிட்டேன்."

"ஏன்?"

"கைதட்டல் வந்துவிட்டது, ஐயா."

மேடையில் ஆயிரம் வாக்கியங்கள் பேசியவன் நான். அவற்றுள் எதுவும் இதைப் போல் ஓர் அறையை அமைதியாக்கியதில்லை. அவர் சிவந்தார், இம்முறை வெயிலினால் அன்று. பிறகு நாற்காலியை அஞ்சலையின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இப்போது முதலிலிருந்து கேட்போம். நான் சொன்னதை மட்டும் கேள். அவர் அங்கே என்னவெல்லாம் பார்த்தார்?"

கேட்டேன். அஞ்சலை என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"கழுகு இல்லாமத்தான கேக்குற?"

"கழுகு இல்லக்கா."

"அப்ப கேட்டுக்க. வச்சவன் டின்ன காட்டுப் பெரம்பால கட்டியிருக்கான். லயத்துல யாருகிட்ட பெரம்பு இருக்கு? ஓடைப் பக்கமிருந்து வந்திருக்கான். தடம் ஓடையிலேருந்து ஏறுது, அப்பறம் ஓடைக்கே எறங்குது, லயத்துப் பக்கம் திரும்பவே இல்ல. மூனாவது மரத்துல அடையாளத்துக்கு ஒரு வெட்டு போட்டிருக்கான். எடது கைக்காரன்."

"அது எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

"எங்க வெட்டு எடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கும். அவன் வெட்டு தலகீழா எறங்குது. பால் வெட்டத் தெரிஞ்சவனும் இல்ல, படுபாவி. பட்டைய தாண்டிக் கட்ட வரைக்கும் எறக்கிட்டான். அந்த மரம் இனிமே எப்படிப் பால் கொடுக்கும்? என் நெரையில அத்தன மரத்துக்கும் எனக்கு மொகம் தெரியும். நான் வச்சிருந்தா எனக்கு எதுக்குய்யா அடையாளம்?"

அரிசியைக் கண்டபோது வராத கோபம், மரத்தின் காயத்தைச் சொன்னபோது அவர் குரலில் வந்தது. அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. ஆகவே குரலை உயர்த்தாமல் சொல்லை மட்டும் கொடுத்தேன். கோபத்தை அதிகாரி அஞ்சலையின் முகத்திலேயே படித்துக்கொண்டார்.

காவற்படைக் கார்ப்பரலும், ஊரார் 'மாத்தா-மாத்தா' என்று அழைக்கும் மலாய்க் காவலர் இருவரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். கவனியுங்கள்: மலாய்க்காரர்கள் அந்நாளில் போலீசுக்கு வைத்திருந்த பெயரே 'கண்-கண்' என்பதுதான். அந்த இரண்டு ஜோடிக் கண்களும் காலையிலேயே அந்த இடத்தைப் பார்த்திருந்தன. டின்னைத் தவிர வேறெதையும் அவை காணவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிவந்த கார்ப்பரல், மூன்றாவது மரம், தலைகீழ் வெட்டு, கட்டை வரை இறங்கிய காயம், ஓடைக்குத் திரும்பிய தடம் என்று வரிசையாக ஒப்பித்தார். பிரம்பு, டின்னோடு மேசையிலேயே கிடந்தது.

அதிகாரி விரித்து வைத்திருந்த தாளை நான்காக மடித்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, மெல்லிய குரலில், எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தத் தொடரைச் சொன்னார்: 'வாட் அன் ஈகிள் ஐ!'

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த என் பழைய கழுகு ஒருமுறை இறங்கப் பார்த்தது. விரட்டிவிட்டேன்.

"ஒங்களுக்கு ரொம்பக் கூர்மையான கண்ணுன்னு சொல்றாருக்கா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இந்தா! இதத்தானா அன்னைக்கு அர மணி நேரம் பேசின?"

இதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி முதலில் இருமினார்; பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அஞ்சலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கார்ப்பரல் காரணம் தெரியாமலேயே சிரித்தார். விசாரணை அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருவதைக் கேட்டுத்தான் தமக்கு உண்மையிலேயே பயம் வந்தது என்று அஞ்சலையின் கணவர் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். அஞ்சலை வெளியே வந்து, பால் ஒட்டிய கையாலேயே இரு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர்களுடைய வெள்ளைச் சட்டை பாழானதற்கு உடனே தம்மைத் தாமே திட்டிக்கொண்டார்.

எனக்குத் தண்டனை உண்டா என்கிறீர்களா? உண்டு. "நாளைக் காலை அதே பெட்டி" என்றார் அதிகாரி. "நான் ஐந்து வாக்கியம் பேசுவேன். நீ ஐந்து வாக்கியம் பேசுவாய். விரல் விட்டு எண்ணுவேன்."

அன்று மாலை வேலி வாசலில் அஞ்சலையைத் தேடிப் போனேன். "அக்கா, ஒன்னையும் விடாம கவனமா பாக்குறத லயத்துல எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணுல வெளக்கெண்ணய ஊத்திக்கிட்டுப் பாருன்னு சொல்லுவோம். ஏன், ஒங்க மேடையில எண்ண தீந்துபோச்சா?"

அந்த நான்கைந்து சொற்களும் எனக்குப் பிறந்த நாள்முதல் தெரியும். என் தாயார் பால் காய்ச்சும்போதெல்லாம் சொன்னவை. ஆனால் மேடைக்கு அவை எளியவை என்று ஒதுக்கி, வானத்திலிருந்து பறவையை வரவழைத்தவன் நான். ஆங்கிலேயர் கழுகிடம் கடன் கேட்ட கண்ணை, நம் மக்கள் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்திருக்கிறார்கள். 'கழுகுக் கண் உடையவர்' என்று உங்களிடம் யாராவது சொன்னால், கூர்மையான கண் என்று சொல்லுங்கள். 'கழுகுக் கண்ணோடு பார்' என்றால் விளக்கெண்ணெயைத் தேடுங்கள். செனாவாங் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சொன்னாலும் சரி, நீதிமன்றத்தில் வழக்கறிஞர் சொன்னாலும் சரி, முதலில் அவர் முகத்தைப் பாருங்கள்: புகழ்கிறாரா, எச்சரிக்கிறாரா? யாரை அவர் பறவையாக வைத்திருக்கிறார் என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

மறுநாள் காலை பெட்டியின் மேல் ஏறினேன். பின்வரிசை இளவட்டம் ஒருவன் 'கீச், கீச்' என்று குஞ்சுபோல் கத்தினான். இன்னொருவன் தலைக்குமேல் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, "எலே, வருதுலா, ஓடு!" என்றான். களம் முழுவதும் சிரிப்பு. மண்டோர் அதட்டினார், அவரும் சிரித்துக்கொண்டே அதட்டினார்.

அதிகாரி பேசினார். நான் பேசினேன். நாள்தோறும் மரத்துக்கு மரம் நடக்கிறீர்கள். உங்களுக்குக் கூர்மையான கண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். வித்தியாசமாக எதையாவது கண்டால் மண்டோரிடம் சொல்லுங்கள். சொல்பவர்களுக்கு எந்தத் தீங்கும் வராது, அது தம் பொறுப்பு என்கிறார் இவர்.

அதிகாரியின் ஐந்தாவது விரல் மடங்கியது. அஞ்சலையின் பெயரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை. காட்டுக்கும் காது உண்டு என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அஞ்சலையால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா?

"வெளக்கெண்ணக்கும் ரேசன் அட்டை காட்டணுமா, தம்பி?"

அதை அப்படியே அதிகாரியிடம் கொடுத்தேன். "வேண்டாம் என்று சொல்" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வேணாமாம்" என்றேன். ஒரே சொல். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய உரைக்கு, அதுவரை வாங்கியவற்றில் மிகப் பெரிய கைதட்டல் கிடைத்தது.

கைதட்டல் அடங்கும் வரை இறங்காமல் நின்றேன். "ஐயா, ஆறாவதாக ஒரு வாக்கியம் இருக்கிறது. அது உங்களுடையதன்று, என்னுடையது. சொல்ல அனுமதி வேண்டும்" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தலையசைத்தார். மக்களைப் பார்த்துத் திரும்பினேன். கை தானாக உயர்ந்தது. அதை இறக்கி இடுப்பருகே பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் அஞ்சலை, வாளியைக் கீழே வைத்துவிட்டு, புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இது தொரை சொல்றதில்ல, நான் சொல்றேன்: இனிமே அவர் சொன்னத மட்டுந்தான் ஒங்ககிட்ட சொல்லுவேன், நீங்க சொன்னத முழுசா அவருகிட்ட சொல்லுவேன், அதுல என்னைத் திட்டியிருந்தாலும் சரி."